படுக்கையறையில் அடைகாத்த பெருவாத்துகள்

நம் நாட்டுத் தோட்டவீடுகளில் பாம்புக்கும் திருடனுக்கும் காவலென்று இரண்டொரு கூஸ் வாத்துகளை விட்டுவைப்பவர்கள் உண்டு. அந்தப் பெருவாத்து, வாசலோடு நின்றுவிடாமல், மனிதர் துயிலும் அறைக்குள்ளேயே இடம்பெற்றுத் தன் சந்ததியை விருத்தி செய்துவந்த ஒரு பிரதேசமும் இருந்ததென்றால் நம்புவது சற்றுச் சிரமந்தான். ஆயினும் இங்கிலாந்தின் கீழைக் கரையிலுள்ள லிங்கன்ஷயர் சதுப்பு நிலங்களில், பதினெட்டாம் நூற்றாண்டில், அதுவே பலருக்கு ஜீவனமார்க்கமாக இருந்தது.

மனிதனோடு இப்பறவை கொண்ட சிநேகம் புராதனமானது. ஹோமரின் ‘ஒடிஸி’ காவியத்தில், கணவனைப் பிரிந்திருக்கும் பெனலோப்பி தன் மாளிகையில் இருபது பெருவாத்துகளை வளர்க்கிறாள். அவை தானியம் உண்பதைப் பார்த்திருப்பதே அவளுக்கு ஓர் ஆறுதல். ரோமாபுரிக் கோட்டையை ஜூனோ தேவியின் பெருவாத்துகள் கூவிக் காத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்களாதலால் அதை இங்கே விரிக்க வேண்டுவதில்லை.

லிங்கன்ஷயரின் அச்சதுப்புகள் மாரிக்காலத்தில் ஏரிபோல் வெள்ளம் சூழ்ந்து, கோடையில் புல் தழைத்துக் கிடப்பவை; குளிர்காய்ச்சலுக்குப் பேர்போனவை. ஏர் பிடிக்க இடங்கொடாத அந்நிலத்தின் பெரும்பகுதி பொதுமேய்ச்சலாக இருந்தபடியால், காணி நிலமற்ற ஏழையும் நீரையும் புல்லையும் நம்பிப் பெருவாத்து வளர்க்க முடிந்தது. அவர்கள் அதை வளர்த்த விதத்தை, பிராணி நூல் வல்லுநரான தாமஸ் பென்னன்ட் எழுதிவைத்திருக்கிறார். அடைகாக்கும் பருவம் வந்ததும் பறவைகள் வீட்டுக்குள் குடியேறுமாம்; படுக்கையறை உட்பட ஒவ்வோர் அறையிலும், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கில் பிரம்புக் கூடுகள் அமைத்து, பேட்டுக்கு ஒன்றாக ஒதுக்கிவிடுவார்களாம். ‘காஸர்ட்’ எனப்படும் மேய்ப்பன் நாளுக்கு இருமுறை மந்தை முழுவதையும் நீருக்கு ஓட்டிச்சென்று, திரும்பி வந்ததும், மேலடுக்கில் வாசம் செய்யும் பேடுகளைக் கைகொடுத்து ஏற்றி, ஒன்றைக்கூட இடம் மாற்றிவிடாமல் அததன் கூட்டில் சேர்ப்பானாம். ஏறக்குறைய ஒரு மாத காலம் நீடிக்கும் அந்த அடைகாப்பின்போது, சீறலும் கூவலும் எச்சத்தின் நாற்றமும் நிறைந்த அறையில் ஒரு குடும்பம் எவ்வாறு உறங்கியதோ! 1,000 தாய்ப்பறவைகளை உடையவன் பருவ முடிவில் 8,000க்கு அதிபதியாவான் என்று பென்னன்ட் போடும் கணக்கைப் பார்த்தால், அந்த உறக்கக் கேட்டுக்கு ஊதியம் இல்லாமலில்லை.

இத்தனை பரிவுக்கும் பின்னால் ஒரு கொடுமையும் இருந்தது. உயிரோடிருக்கும் பறவையின் மேனியிலிருந்து ஆண்டுக்கு ஐந்து முறை இறகு பறித்தார்கள். மார்ச்சு மாத இறுதியில் எழுதுகோலுக்குரிய சிறகுத் தண்டும் மெத்தைக்குரிய மெல்லிறகும், அதன்பின் செப்டம்பர் முடிய நான்கு முறை மெல்லிறகு மட்டும். படுக்கையறையில் இடங்கொடுத்து, அந்தப் படுக்கைக்காகவே தோலை நோகச் செய்ததை வளர்ப்பென்பதா, வரி வசூலென்பதா? அக்காலத்து நீதிபதியின் தீர்ப்பும் வணிகனின் பேரேடும், காதலனின் கடிதமுங்கூட, பெரும்பாலும் இப்பறவையின் இறகாலேயே எழுதப்பட்டன. வலக்கையால் எழுதுவோர் வளைவின் சௌகரியம் கருதி இடச்சிறகின் இறகை நாடினார்கள்.

மாமிசத்துக்குரியவை லண்டனுக்கு நடந்தே போயின. நார்ஃபோக், சஃபோக் பகுதிகளிலிருந்து, அறுவடை முடியும் ஆகஸ்டில் புறப்பட்டு, தாள்களில் சிதறிய தானியத்தைப் பொறுக்கிக்கொண்டே, ஆயிரம் இரண்டாயிரம் பறவைகள் ஒரே மந்தையாகச் சென்றதை ‘ராபின்சன் குரூசோ’ ஆசிரியர் டேனியல் டிஃபோ வர்ணித்திருக்கிறார். அக்டோபர் கடைசிக்குமேல் சேறு பெருத்து, அகன்ற பாதமும் குட்டைக் காலுமுள்ள அப்பிரயாணிகளுக்கு வழி அடைபட்டுவிடும்.

இவ்வாழ்க்கையைக் குலைத்தவை இரண்டு. 1801ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின் பலத்தில் ஜான் ரென்னி என்னும் எஞ்சினியர் கால்வாய்கள் வெட்டிச் சதுப்பின் நீரை வடித்தார். பொதுநிலம் வேலியிட்டுப் பங்கிடப்பட்டு உழுநிலமாயிற்று. சில பத்தாண்டுகளுக்குள் பர்மிங்காம் பட்டறைகளின் எஃகு முனைகள் மலிவாகக் குவியவே, இறகுப் பேனாவை நாடுவோரும் குறைந்தார்கள். முன்னதே கொடியது என்பது என் எண்ணம். இறகு விலைபோகாவிட்டாலும் மேய்ச்சல் இருந்திருந்தால் இறைச்சியாவது மிஞ்சியிருக்கும். பொதுநிலத்தை இழந்தவன் பிறர் வயலில் கூலியாளானான். பெருவாத்தோ பண்ணைக்காரரின் முற்றத்தில், செப்டம்பர் 29 மைக்கேல்மஸ் விருந்துக்கென்றும் இராக்காவலுக்கென்றும் நாலைந்தாக நின்றுவிட்டது.