இரசாயனம்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

‘இரசாயனம் கலக்காதது’ என்பது இன்று உணவுப்பொருளுக்குத் தரப்படும் நற்சான்று. முதுமையையும் நோயையும் விலக்கும் மருத்துவத்துக்கே ஒரு காலத்தில் அச்சொல் பெயராக வழங்கியது.

‘இரசம்’ என்பது சாறு, சுவை, உடலின் ஏழு தாதுக்களுள் முதலாவது. ‘அயனம்’ என்பது வழி. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று இரசாயனம். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி அதிலிருந்தே தொடங்குகிறது. நெல்லியும் கடுக்காயும் அங்கே முதன்மை பெறுகின்றன. முதிர்ந்த சியவன முனிவருக்கு இளமையை மீட்டளித்ததாகச் சொல்லப்படும் லேகியமும் அங்கேயே இடம்பெறுகிறது. பாதரசம் அந்த மருத்துவத்தின் மையப்பொருள் அன்று.

பிற்காலத் தாந்திரிக நூல்களில் ‘இரசம்’ சிறப்பாகப் பாதரசத்தைக் குறிக்கலாயிற்று. இரசார்ணவம் என்னும் நூலில், உலோகத்தைப் பொன்னாக்குவதும் உடலை அழியாததாக்குவதும் ஒரே கலையின் இரு பயன்கள். பாதரசத்தை முதலில் உலோகத்தில் சோதித்த பின்னரே உடலில் செலுத்த வேண்டும் என்பது அதன் நெறி.

ஏறத்தாழ 1030-இல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி, இரசவாதத்தை ஒத்த கலையாக இரசாயனத்தை அறிமுகப்படுத்துகிறார். ‘இரச’ என்பதற்குப் பொன் என்று பொருள் கூறும் அவரே, அதன் மருந்துகள் பெரும்பாலும் தாவரங்களிலிருந்து பெறப்படுவன என்கிறார். சொல்லின் பழைய பொருளும் புதிய பொருளும் அவர் குறிப்பில் அருகருகே நிற்கின்றன.

ஐரோப்பியக் ‘கெமிஸ்ட்ரி’ இந்திய மொழிகளுக்குள் வந்தபோது வங்காளம், மராத்தி, இந்தி ஆகியவை ‘ரசாயன’ என்ற சொல்லையே அதற்குச் சூட்டின. ‘கெமிஸ்ட்ரி’யும் ‘அல்-கீமியா’ என்ற அரபுச் சொல்லின் வழிவந்ததே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘இரசாயனவியல்’ என்கின்றன. தமிழ்நாட்டில் ‘வேதியியல்’ நிலைபெற்றது. இரசவாதத்தின் சாயலிலிருந்து அதுவும் விலகிவிடவில்லை. ‘வேதித்தல்’ என்பதற்கு ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல் என்று பொருள். சித்தர் வழக்கில் ‘வேதை’ என்பது தாழ்ந்த உலோகத்தைப் பொன்னாக்கும் வினை.

பெயர் தொடர்ந்தமையால் துறையும் தொடர்ந்தது என்று கொள்வதற்கில்லை. சரகரின் இரசாயனத்தில் இன்றைய வேதியியலைக் காண்பவர், பிற்காலத்தில் ஏறிய பொருளை முற்கால நூலின்மேல் ஏற்றுகிறார். அந்நூல் உண்மையில் பேசும் நெல்லியும் கடுக்காயும் முதுமை குறித்த சிந்தனையும் அவர் கண்ணில் படாமலே போகின்றன. பழைய நூலொன்றில் ‘இரசாயனம்’ என்ற சொல்லைக் காணும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது, அந்நூல் எந்த நூற்றாண்டினது என்பதே.