சூடு காட்டிய உண்மை



எஞ்சினீயருக்கு ரத்தப் பரிசோதனையில் என்ன வேலை என்று கேட்பீங்க. விஷயம் அளவீட்டில்தான் இருக்கிறது.

1881-ல் லண்டன் டாக்டர் வாரன் டே ஒரு குழந்தையின் விழித்திரையில் செம்புள்ளி கண்டார். 1887-ல் நியூயார்க்கில் பெர்னார்டு சாக்ஸ் அதே நோயை விவரித்தார். சிரித்து விளையாடிய குழந்தை ஆறு மாதம்போலத் தளரும், பார்வை போகும், நாலைந்து வயசுக்குள் உயிரும் போகும். அதுதான் டே-சாக்ஸ் நோய்.

1969-ல் கலிபோர்னியாவில் ஒகாடாவும் ஓபிரையனும் காரணத்தைப் பிடித்தார்கள்: ஹெக்ஸோசமினிடேஸ் 'ஏ' என்ற என்சைம் இல்லை. அதன் ஜோடியான 'பி' சூட்டைத் தாங்கும், 'ஏ' தாங்காது. சாம்பிளைச் சூடாக்கும் முன்பும் பின்பும் அளந்து கழித்தால் 'ஏ' எவ்வளவு என்று தெரியும். நம்ம லேபில் போடுகிற கழித்தல் கணக்குதான்! 1970-ல் பனிக்குட நீரிலுள்ள செல்களில் இந்த என்சைமைச் சோதித்து, கருவிலேயே நோயைக் கண்டார்கள்.

ஐரோப்பிய வழி யூதர்களில் சுமார் 30 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை மரபணு உண்டு. தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. 1971-ல் மைக்கேல் கபாக் பால்டிமோர், வாஷிங்டன் வட்டார யூதர்களை அழைத்தார். வழிபாட்டுக் கூடத்துக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். 2000-க்குள் அமெரிக்க, கனடா யூதர்களிடையே நோய் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இந்நோயைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. கருவை வைத்துக்கொள்வதா என்ற கொடிய கேள்வியும் பெற்றோர் தலையில்தான் விழுந்தது. ஆனாலும், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து 'இனி வேண்டாம்' என்றிருந்தவர்கள் துணிந்து மறுபடி பெற்றார்கள்.

தம்பிகளே, லேப் நோட்டில் ரீடிங்கை ஒழுங்கா எழுதுங்க. ஒரு வீட்டின் தலைவிதி அதில் இருக்கலாம்.