கடாரத்தின் கரையில் எஞ்சியிருப்பவை

கெடாவின் தென்பகுதிக் கடற்கரையில் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது ஜெராய் மலை. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலையே வழிகாட்டி. தென்மேற்குப் பருவக்காற்றில் வந்த கப்பல்கள், ஊர் திரும்ப வடகிழக்குப் பருவக்காற்றுக்காக இங்கு காத்திருந்தன. மலையடிவாரத்தில் வளர்ந்த அந்த வணிகக் குடியிருப்புகளின் எச்சங்களே பூஜாங் பள்ளத்தாக்கில் இன்று காணப்படுகின்றன.

ஏடுகளில் கடாரம்

பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' கடாரமே என்பது நச்சினார்க்கினியர் உரை. சோழர் காலச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் எழுந்த புத்த விகாரத்துக்கு, முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். அவன் மகன் ராஜேந்திரனோ 1025இல் கடற்படையை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கி, 'கடாரம் கொண்டான்' எனப் பெயர் பெற்றான்.

மாலுமியின் கல்

1834இல் செபராங் பிறையில் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்னும் பெருமாலுமி, பயணம் நலமாக முடிய வேண்டிப் பொறித்த 5ஆம் நூற்றாண்டுக் கல் அது. இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

மலைச்சரிவில் ஒரு கோயில்

1930களில் குவாரிட்ச் வேல்ஸ், தம் மனைவி டோரத்தியுடன் இப்பகுதியில் சுமார் 30 இடங்களை ஆராய்ந்தார். இங்குள்ள பழங்கோயில்களை மலாயில் 'சண்டி' என்பர். அவற்றில் புகழ்பெற்றது புக்கிட் பத்து பாஹாட் சண்டி. கருங்கல்லால் ஆன இக்கோயிலை 1959-60இல் அலஸ்டேர் லேம்ப் குழுவினர் மீட்டமைத்தனர். கருவறைப் பகுதியும் முன்மண்டபமும் தெளிவாகத் தெரிகின்றன. தூண்களைத் தாங்கிய கற்கள் இருக்கின்றன. மரத்தூண்களும் கூரையும் மட்டும் மக்கிப்போய்விட்டன. கோயிலின் அடியில் கிடைத்த கல்பேழைகள், கட்டும்போதே சடங்காகப் புதைக்கப்பட்டவை.

சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்று ஊதப் பயன்பட்ட சுடுமண் குழாய்களும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. புக்கிட் சோராஸ் பௌத்தத் தலத்தில் அண்மைய ஆண்டுகளில் ஆளுயரச் சுதைச் சிலைகள் வெளிப்பட்டன.

இடிந்த 11ஆம் எண் சண்டி

புதைந்தவை கிடைத்துவரும் வேளையில், கண்ணெதிரே இருந்த ஒன்று அழிந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான 11ஆம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியானது. அந்நிலம் தனியாருக்குச் சொந்தமானது. அவ்விடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவு செய்யப்படவில்லை என்பதே மாநில அரசு தந்த விளக்கம். மரபுடைமைச் சட்டம் 2005 முதலே நாட்டில் இருக்கிறது. பட்டியலில் ஏறாத இடத்துக்கு அது துணை நிற்கவில்லை.

மற்ற சில சண்டிகளின் கற்கள் மெர்போக்கிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியக வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, மீண்டும் அடுக்கப்பட்டுள்ளன. புக்கிட் பத்து பாஹாட் சண்டியும் அங்கேயே இருப்பதால், கடாரத்தைப் பார்க்க வருவோர் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவே.