பாசியை மேய்ந்த கறுப்பு முள்ளெலி



கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி பாசி. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாற, பாசி அதைத் தின்று கொழுக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. மேயவும் ஆள் வேண்டும். உணவுச்சங்கிலிப் பாடத்தில் இதற்கு நான் ஜமைக்காவின் கதையைச் சொல்வதுண்டு.

அங்கே பவளப்பாறை மீன்களை நெடுங்காலமாக அளவுக்கு மீறிப் பிடித்தார்கள். பாசி மேயும் மீன்கள் அருகின. ஆனாலும் பாறையைப் பாசி மூடவில்லை. நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளெலிகள் அதை மேய்ந்துகொண்டிருந்தன. 1980இல் ஆலன் புயல் பவளங்களை நொறுக்கிய பிறகும், அவை சுத்தம் செய்த இடத்தில் புதுப் பவளங்கள் துளிர்த்தன.

1983இல் பனாமா அருகே முள்ளெலிகளுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. சுமார் ஓராண்டில் கரீபியக் கடல் முழுக்கப் பரவி, 100க்கு 90க்கு மேல் கொன்றுவிட்டது. மேய ஆளில்லாத பாறையைப் பாசி மூடியது. 1970களின் இறுதியில் ஏறக்குறைய பாதிப் பரப்பில் இருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் சுமார் 3 சதவீதமாகச் சுருங்கியது. கரையிலிருந்து சேர்ந்த ஊட்டச்சத்தும் பாசியை வளர்த்தது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு.

மீன்கள் போனபோதே பாறை பலவீனமாகிவிட்டது. முள்ளெலி உழைத்ததால் அது வெளியே தெரியவில்லை. ஒருவரே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும் வீடும் அப்படித்தான். அவர் படுத்த பிறகுதான் மற்றவர்களுக்குப் புரியும். உங்கள் வீட்டில் அவர் யாரென்று இன்றே பாருங்கள், பிள்ளைகளே.