விளையாட்டை வெளியிடுவோர்

நூல்களின் வரலாற்றை எழுதுவோர் நூலாசிரியரைப் பற்றி விரிவாக எழுதுவர். அந்நூலை அச்சிட்டு, மூட்டை கட்டி, ஊரூராக அனுப்பி விற்றவரைப் பற்றி ஒரு வரி எழுதினால் அதுவே பெரிது. வீடியோ விளையாட்டின் வரலாற்றிலும் இதே நிலைதான். விளையாட்டை ஆக்கியவரின் பெயரை மாணவர் சிலரேனும் அறிவர். அதனை வெளியிட்டவர் உண்மையில் என்ன செய்தார் என்று கேட்டால் விடை சொல்வார் அரியர். இன்று கணிப்பொறி விளையாட்டுகளில் மிகப் பல பெட்டியில் வருவதில்லை; இணையத்தின் வழியே நேரே வீட்டுக்குள் வந்து இறங்கிவிடுகின்றன. பெட்டி போனபின், பெட்டி விற்றவருக்கு என்ன வேலை? இந்தக் கேள்வியை முன்வைத்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக் கதையை நோக்க விரும்புகிறேன்.

1977இல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி, தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விளையாட்டும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தனியே விற்கப்பட்டது. கருவியும் விளையாட்டும் அட்டாரியின் சரக்கு. ஆக்கியவர் பெயர் எங்கும் இராது. தங்கள் பெயரும் வருவாயில் ஒரு பங்கும் வேண்டும் என்று நிரல் எழுதியோர் சிலர் கேட்டனர், கிடைக்கவில்லை. டேவிட் கிரேன் முதலிய நால்வர் வெளியேறினர். 1979இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனி பிறந்தது. பிறருடைய கருவிக்கு விளையாட்டு வெளியிட்ட முதல் தனி வெளியீட்டாளர் அவர்களே. விளையாட்டோடு வரும் குறிப்பேட்டில் ஆக்கியவரின் பெயரையும் படத்தையும் அச்சிட்டார்கள். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆக்கியோரின் மதிப்புக்காகத் தோன்றிய அந்தக் கம்பெனியே பின்னாளில் உலகின் மாபெரும் வெளியீட்டு நிறுவனங்களுள் ஒன்றாகி, 2023இல் மைக்ரோசாஃப்டின் கைக்குச் சென்றது. வரலாறு இத்தகைய வேடிக்கைகளை விரும்புகிறது போலும்.

வழி திறந்ததும் கண்டவரெல்லாம் நுழைந்தனர். கடைகளில் மட்டமான சரக்கு குவிந்தது. 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமகோர்டோ ஊரில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014இல் அவற்றை மீண்டும் தோண்டி எடுத்தும் பார்த்தார்கள்.

இந்தச் சரிவிலிருந்து பாடம் கற்றவர் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனியார். 1985இல் அவர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த கருவியில் பூட்டுப் போன்ற ஒரு சில்லு இருந்தது. அவர்கள் அனுமதித்த கார்ட்ரிட்ஜ் அன்றிப் பிறிது அதில் ஓடாது. வெளியீட்டாளர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் தரலாகாது. கொடுத்த விளையாட்டை இரண்டாண்டு வரை வேறு கருவிக்குக் கொடுக்கலாகாது. கார்ட்ரிட்ஜுகளை நிண்டெண்டோவே செய்து தரும். அதற்கான பணத்தை முன்னரே கட்டிவிட வேண்டும். விற்றால் ஆதாயம்; விற்காவிட்டால் நட்டம் முழுவதும் வெளியீட்டாளர் தலையில்! ஐந்து என்ற வரம்பைத் தாண்டுவதற்காகவே கொனாமி கம்பெனியார் அல்ட்ரா என்ற பெயரில் மற்றொரு கம்பெனியைத் தொடங்கினர்.

வெளியீட்டாளர் என்பவர் யார் என்பதை இந்த ஏற்பாடு நன்கு காட்டுகிறது. பல மாதம் கழித்து வரப்போகும் கிறிஸ்துமஸ் விற்பனையை எண்ணி, எத்தனை ஆயிரம் கார்ட்ரிட்ஜ் வேண்டும் என்று இன்றே கணித்துப் பணத்தைப் பணயம் வைப்பவர் அவர். கடைக்காரரோடு பேசி, அலமாரியில் கண்ணில் படும் இடத்தைக் காசு கொடுத்துப் பிடிப்பவரும் அவரே. அவருடைய அதிகாரம் கலையறிவினின்று பிறந்ததன்று. சரக்கின் விலையிலிருந்தும் அலமாரியின் குறுகலிலிருந்தும் பிறந்தது. பின்னர் வந்த குறுந்தட்டு, செய்வதற்கு மலிவு. ஆயினும் அலமாரி அகலமாகவில்லை.

அலமாரியே வேண்டாம் என்று துணிந்தவரும் உண்டு. 1993 டிசம்பரில் டெக்சாஸைச் சேர்ந்த ஐடி சாஃப்ட்வேர் குழுவினர், தங்கள் ‘டூம்’ விளையாட்டின் முதற்பகுதியை விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றில் ஏற்றி, வேண்டியவர் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சுவை கண்டவர் மற்றப் பகுதிகளைப் பணம் அனுப்பிப் பெற்றனர். ஆனால் அடுத்த ஆண்டே ‘டூம் 2’ கடைகளுக்குப் பெட்டியில் சென்றது. பெருந்திரளான மக்கள் அப்போது கடையில்தான் இருந்தார்கள்.

உண்மையான மாறுதல் வால்வ் என்ற கம்பெனியிலிருந்து வந்தது. மைக்ரோசாஃப்டை விட்டு வந்த கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996இல் அதனைத் தொடங்கினர். 1998இல் வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப்’ அவர்கள் ஆக்கியது. வெளியிட்டது சியரா கம்பெனி. சியரா பின்னர் விவெண்டி என்ற பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று. விளையாட்டை இணைய நிலையங்களில் ஆடக் கொடுக்கும் உரிமை யாருடையது என்பது பற்றிப் பிணக்கு எழுந்தது. 2002இல் வால்வ் நீதிமன்றம் சென்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2003 செப்டம்பரில், ‘ஸ்டீம்’ என்ற சொந்த இணையக் கடையையும் திறந்துவிட்டது. விவெண்டி எதிர்வழக்காடியது, ஒப்பந்தம் பேசும்போது இத்திட்டத்தைத் தங்களிடம் மறைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறைகளுள் ஒன்று. அக்குறையின் உட்பொருள் தெளிவானது. தன்னை இன்றியே சரக்கு வீடு சேரும் என்பதை வெளியீட்டாளர் அன்று கண்கூடாகக் கண்டார்.

2004 நவம்பரில் ‘ஹாஃப்-லைஃப் 2’ வந்தது. விவெண்டி அதனைப் பெட்டியில் விற்றது. ஆனால் பெட்டியை வாங்கியவரும் ஸ்டீமில் பெயர் பதிந்தால்தான் ஆட முடியும்! போட்டிக் கடைக்கு வாடிக்கைக்காரரைத் தன் செலவில் அனுப்பிவைத்த வணிகரை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. 2005 ஏப்ரலில் வழக்கு சமரசமாயிற்று. வால்வ் விளையாட்டுகளைப் பெட்டியில் விற்பதை விவெண்டி அவ்வாண்டிலேயே நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டில் பிறர் ஆக்கிய விளையாட்டுகளும் ஸ்டீமில் விலைக்கு வரலாயின.

அத்துடன் வெளியீட்டாளர் காலம் முடிந்தது என்று பலர் எழுதினர். நான் அவ்வாறு கருதவில்லை. அலமாரி எல்லையற்றதாகிவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2017 முதல் 100 டாலர் கட்டணம் செலுத்தி யாரும் ஸ்டீமில் விளையாட்டை வைக்கலாம் என்றாயிற்று. 2024 என்ற ஒரே ஆண்டில் 18,000க்கு மேற்பட்ட விளையாட்டுகள் அங்கே வந்து சேர்ந்தன. முன்பு அலமாரியில் இடம் பிடிப்பது அரிது. இப்பொழுது கண்ணில் படுவது அரிது. ஆகவே வெளியீட்டாளர் வேறு வேலையோடு திரும்பி வந்தார். பணம் கொடுப்பது, பிழை பார்ப்பது, பல மொழிகளில் பெயர்ப்பது, பல கருவிகளுக்கு ஏற்ப மாற்றுவது, விளம்பரம் செய்வது ஆகியவை அவர் பணிகள். எரிக் பரோன் என்ற இளைஞர் நான்காண்டுக்கு மேல் தனி ஒருவராய் உழைத்து ஆக்கிய ‘ஸ்டார்டியூ வேலி’ 2016இல் வெளிவந்தபோது, சக்கிள்ஃபிஷ் என்ற சிறு வெளியீட்டாளர் துணை நின்றார். விளையாட்டு வேரூன்றியபின், 2018இல் கணிப்பொறிப் பதிப்பைத் தாமே வெளியிடும் பொறுப்பைப் பரோன் ஏற்றுக்கொண்டார். துணை வேண்டுமா வேண்டாவா என்று ஆக்கியவர் தேர்ந்துகொள்ளக் கூடிய நிலை இது. நிண்டெண்டோ காலத்தில் நினைத்துப் பார்க்கவும் இயலாதது.

நம் மொழியோடு தொடர்புள்ள சான்றும் ஒன்று உண்டு. கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் குழுவினர் 2023இல் ‘வெண்பா’ என்ற விளையாட்டைத் தாங்களே வெளியிட்டனர். கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் ஒருத்தி, தாயின் கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து இட்லி முதலியன சமைப்பதே ஆட்டம். இட்லிப் பானையை நம்பிப் பல்லாயிரம் கார்ட்ரிட்ஜுக்கு முன்பணம் கட்டும் வெளியீட்டாளர் 1987இல் இருந்திருப்பாரா?

ஆயினும் அதிகாரம் மறைந்துவிடவில்லை, கடைக்காரரிடம் குடிபெயர்ந்தது. ஸ்டீம் விற்பனையில் நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்ளும். பெரிய வெளியீட்டாளர்கள் இதனை வெறுத்தனர். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2011இல் தனிக் கடை திறந்து, தன் புதிய விளையாட்டுகளை அங்கே வைத்துக்கொண்டது; 2019இல் மீண்டும் ஸ்டீமுக்கே வந்தது. 2018இன் இறுதியில் எபிக் என்ற போட்டிக் கடை நூற்றுக்கு 12 போதும் என்றது. அதற்குச் சில நாள் முன்னர் ஸ்டீம் தானும் ஒரு சலுகை அறிவித்தது. ஒரு விளையாட்டின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 25, 5 கோடி டாலரைத் தாண்டினால் 20. பெருந்தனக்காரருக்குக் குறைந்த வரி. அறையில் தனித்திருந்து ஆக்குபவருக்கு முழு வரி. இது நேர்மையான ஏற்பாடு என்று என்னால் சொல்ல இயலவில்லை.

வாங்குவோர் நிலை என்ன? யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச்சில் நிறுத்தியது. குறுந்தட்டைக் கையில் வைத்திருந்தவரும் அதற்குப்பின் ஆட முடியவில்லை. இதனை எதிர்த்து எழுந்த ஐரோப்பிய மக்களின் மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கலிபோர்னியாவில் 2024இல் ஒரு சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. விற்பது உரிமம் மட்டுமே என்றால், அதனைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ என்று கடைக்காரர் எழுதலாகாது என்பது அதன் சாரம்.

வெளியீட்டாளரின் இன்னொரு கடமையும் இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இணையக் கடையில் பழைய விளையாட்டை வைக்க இடப் பஞ்சமில்லை. உரிமையாளரைக் கண்டுபிடிப்பதுதான் பஞ்சம். ‘நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்’ என்பது 2000இல் வெளிவந்து பெரிதும் பாராட்டப்பட்ட விளையாட்டு. வெளியிட்ட கம்பெனி கைமாறியது. ஆக்கிய கம்பெனியும் கைமாறியது. நைட்டைவ் என்ற குழுவினர் அதனை மறுபடி வெளியிட எண்ணி மூன்று பெருநிறுவனங்களின் கதவைத் தட்டினர். உரிமை யாருடையது என்று அவற்றுள் ஒன்றாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய பத்திரங்களைத் தேடி எடுக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. 2015இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது.