மௌஸின் அடியில் ஒரு விரிப்பு

கேரம் ஆடத் தொடங்குமுன் பலகையின்மீது மாவைத் தூவி உள்ளங்கையால் தேய்த்துவிடும் வழக்கத்தை நேயர்கள் அறிவீர்கள். ஆடுபவருடைய விரல் எவ்வளவு தேர்ந்ததாயினும், காய் ஓடும் களம் சீராக இராவிடில் குறி தப்பும். கணிப்பொறியில் விளையாடும் இளைஞர்கள், மௌஸின் அடியில் இடும் விரிப்பைப் பற்றி ஓயாது வாதிடுவதும் இக்காரணம் பற்றியே. “ஒரு துண்டுத் துணிக்கு இத்தனை விலையா?” என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூறுமுன், அவ்விரிப்பு தோன்றி வளர்ந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

மௌஸைக் கருத்தில் உருவாக்கியவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டக்ளஸ் எங்கெல்பார்ட். 1964-ஆம் ஆண்டில் அவருடைய சகா பில் இங்கிலிஷ் அதனை ஒரு சிறு மரப்பெட்டியாகச் செய்து முடித்தார். அதன் அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருந்தன. ஒன்று குறுக்கே நகர்வதையும், மற்றொன்று நெடுக்கே நகர்வதையும் அளந்தது. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய மாநாட்டில் எங்கெல்பார்ட் அக்கருவியைப் பலரும் காண இயக்கிக் காட்டினார். அன்று அவர் பயன்படுத்திய இயக்குபலகையை வடிவமைத்தவர் ஜாக் கெல்லி. அதில் மௌஸ் ஓடுவதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. ஆகவே, கருவி உலகிற்கு அறிமுகமான அன்றே அதற்குரிய களமும் உடன் வந்துவிட்டது எனலாம்.

அடுத்துச் சக்கரங்களின் இடத்தை உருளும் குண்டு பெற்றது. ஜெர்மனியில் டெலிபுங்கன் நிறுவனம் 1968-இலேயே இத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்திற்குச் சென்ற பில் இங்கிலிஷ் 1972-இல் குண்டு மௌஸை அமைத்தார். குண்டு உருளாமல் வழுக்கினால் திரையிலுள்ள அம்புக்குறி நகராது. வழவழப்பான மேசை இதற்குப் பகை. எனவே, மேலே துணியும் கீழே ரப்பரும் கொண்ட, பிடிப்புள்ள விரிப்பு தேவைப்பட்டது. 1984-இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் வெளிவந்தபின் மௌஸ் பரவலாயிற்று. விரிப்பும் அதனுடன் வீடுதோறும் புகுந்தது. குண்டில் ஒட்டிய தூசியும் நூலும் உள்ளே சேர, அதைக் கழற்றி நகத்தால் சுரண்டித் துடைத்த அனுபவம் நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஒளியால் நகர்வை உணரும் மௌஸ் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றியது. ஸ்டீவ் கிர்ஷ், ரிச்சர்டு லயன் ஆகிய இருவர் தனித்தனியே அதனை உருவாக்கினர். கிர்ஷ் அமைத்த மௌஸ், மெல்லிய கோடுகள் கட்டங்கட்டமாக இட்ட உலோகத் தகட்டின்மீது மட்டுமே இயங்கும். லயன் அமைத்ததற்குப் புள்ளிகள் அச்சிட்ட பரப்பு வேண்டும். விரிப்பு இங்கே துணைப்பொருளாக நிற்கவில்லை. கருவியின் ஒரு பாதியாகவே ஆகிவிட்டது.

1999-இல் நிலைமை தலைகீழாயிற்று. அவ்வாண்டு மைக்ரோசாப்ட் வெளியிட்ட இன்டெல்லிமௌஸ் எக்ஸ்புளோரர், தன் கீழுள்ள பரப்பை ஒரு நொடிக்கு 1,500 முறை படமெடுத்து, அப்படங்களை ஒப்பிட்டு நகர்வைக் கணக்கிட்டது. மேசையின் மரவரியோ காகிதத்தின் நாரோ இருந்தாலே அதற்குப் போதும். கண்ணாடியும் ஆடியுமே அதற்கு ஒவ்வாதவை. இனி விரிப்பு எதற்கு என்று பலர் எண்ணினர். பல அலுவலக மேசைகளிலிருந்து அது மறைந்தும் போயிற்று.

அதனைக் காத்தது விளையாட்டு. 1996-இல் வெளிவந்த குவேக் முதலான விளையாட்டுகளில் ஆடுபவர் திரும்பிப் பார்ப்பதும் குறி பார்ப்பதும் மௌஸாலேயே நிகழ்ந்தன. 1997-இல் நடந்த குவேக் போட்டியில் வென்ற டென்னிஸ் பாங், அவ்விளையாட்டைப் படைத்தவர்களுள் ஒருவரான ஜான் கார்மாக்கின் பெராரி மோட்டார் காரையே பரிசாகப் பெற்றார். பரிசு பெரிதாகவே, கையின் சிறு பிழையும் பெரிதாயிற்று. 2001-இல் டென்மார்க்கில் தோன்றிய, பின்னர் ஸ்டீல்சீரீஸ் எனப் பெயர் மாறிய நிறுவனம் முதலில் விற்றது கண்ணாடியாலான விரிப்பே. கருவிக்கு வேண்டாததாகிப்போன பொருள், இவ்வாறு மனிதனுடைய கைக்கு வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டால் தேர்வு எளிதாகும். உராய்வைப் பற்றிப் பிரெஞ்சு விஞ்ஞானி கூலும் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். நின்ற பொருளை அசைக்க வேண்டிய விசை, அசைந்த பொருளை ஓட்ட வேண்டிய விசையைவிடப் பொதுவாக அதிகம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு மிகுந்தால், மௌஸ் முதலில் ஒட்டிக்கொண்டு நின்று, பின் திடீரென்று பாயும். குறி இலக்கைக் கடந்துவிடும். ஆதலின் மௌஸை மிகச் சிறிது நகர்த்திப் பார்த்து, அது தயக்கமின்றிப் புறப்படுகிறதா என்று சோதித்தல் வேண்டும். துணி விரிப்பில் நிறுத்துவது எளிது. கடினமான பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஓட்டுவது எளிது. நிறுத்தும் பொறுப்போ கையைச் சேரும். புதிதாகப் பழகுவோர்க்குத் துணியே ஏற்றது.

அளவு அடுத்தது. விளையாட்டில் ஒரு முழு வட்டம் திரும்ப மௌஸை 40 செ.மீ. நகர்த்துபவர் ஒருவர் என்று கொள்வோம். பின்புறம் திரும்ப அவருக்கு 20 செ.மீ. வேண்டும். 32 செ.மீ. அகலமுள்ள விரிப்பின் நடுவிலிருந்து விளிம்பு 16 செ.மீ. தூரமே. மௌஸ் பாதி வழியில் மேசைக்கு இறங்கிவிடும். அவருக்கு 45 செ.மீ. அகலம் தகும். மணிக்கட்டை மட்டும் அசைத்து ஆடுபவர்க்குச் சிறியதே போதும். எதுவாயினும், விசைப்பலகை போக மேசையில் எஞ்சும் இடத்தை முன்னதாக அளந்துகொள்க.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் கருதத்தக்கது. மழைக்காலத்திலும் கடற்கரை நகரங்களிலும் துணி ஈரத்தை உறிஞ்சிச் சற்றுக் கனத்து ஓடும். வியர்வையும் அதில் படியும். மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் நெடுநாள் உழைக்கும். கடினப் பரப்பில் ஈரம் தங்காது. ஆனால் மௌஸின் அடியிலுள்ள வழுக்குப் பட்டைகள் விரைவில் தேயும்.

இனிப் பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். விலை உயர்ந்த விரிப்பு எவர்க்கும் திறமையை அளிப்பதில்லை. ஒரு பரப்பின்மீது பல மாதம் பழகிய கை, அதன் உராய்வைத் தானே கற்றுக்கொள்கிறது. மாதந்தோறும் விரிப்பை மாற்றுபவன் அக்கல்வியை மாதந்தோறும் இழக்கிறான், பணத்தையும் இழக்கிறான். அடியில் வழுக்காத ரப்பரும், போதிய அகலமும், சீரான நெசவும் உள்ள நடுத்தர விலைத் துணி விரிப்பு ஒன்றை வாங்கித் தூய்மையாக வைத்துக்கொள்ளட்டும். அடுத்த விரிப்பு, இது தேய்ந்த பின் வரட்டும்.