சபர்: நம் கடற்கரையில் பயணத்தின் பொருள்கள்

அரபியில் ‘ஸஃபர்’ என்றால் பயணம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அது ‘சபர்’ ஆனபோது பொருளும் குறுகியது. காலையில் தூத்துக்குடிக்கு பஸ் ஏறி மாலையில் திரும்புவதை நாம் சபர் என்பதில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்து போவதே சபர். அப்படிப் போனவர் சபராளி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இந்தச் சொல்லுக்குள் கொழும்பும் இருக்கிறது, ஹாங்காங்கும் இருக்கிறது, வளைகுடாவும் இருக்கிறது.

இந்தக் கரைக்குப் பயணம் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியபோது, ஹுர்முஸ், ஏடன் பக்கங்களிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நின்றன. பின்னாளில் சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து, நீராவிக் கப்பலில் கொழும்பு போவதே வழக்கமாயிற்று. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்ததும் அந்தக் கூட்டம் அங்கே மாறியது. 2011 ஜூனில் தூத்துக்குடி – கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றுபோனது.

மார்க்கத்தில் பயணிக்குத் தனிச் சட்டமே உண்டு. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ரமலான் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் வசதியானவராக இருந்தாலும், வழியில் கையில் காசில்லாமல் நிற்பவருக்கு அந்த உரிமை உண்டு. வீட்டை விட்டு வெளியே வந்தவர் எளியவர், அவரைத் தாங்குவது மற்றவர் கடமை என்பதே இதன் பொருள்.

முத்துக்குளித்தலும் ஒரு பயணம்தான், ஆனால் கீழ்நோக்கியது. காலில் கல்லைக் கட்டிக் கடலடிக்குப் போனவர் மேலே வர, தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். தங்கையின் தாலி பற்றிய அக்கறை இருக்கும் என்பதால் மைத்துனரையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளித்தல் இன்னும் இருக்கிறது.

இலக்கியத்திலும் நமக்கு ஒரு பயணக் காப்பியம் உண்டு. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப் புலவர் தொடங்கிய சீறாப்புராணம், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. மூன்றாவது காண்டத்தின் பெயரே ஒரு பயணம். நபி (ஸல்) அவர்கள் 622இல் மக்காவை விட்டு மதீனா சென்றது. ஆனால் காப்பியம் நபியவர்களின் வாழ்வை முழுதும் சொல்லி முடிக்கவில்லை. விடுபட்ட பகுதியைக் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’வில் பாடினார். ஒருவர் தொடங்கிய வழியை இன்னொருவர் நடந்து முடித்தார்.

இத்தனை பொருள்களிலும் போனவருக்குப் பெயர் இருக்கிறது. கயிறு பிடித்தவருக்கு? சபராளி என்று ஒரு சொல் வைத்திருக்கும் நாம், வீட்டில் இருந்தவரைக் குறிக்க அப்படி ஒரு சொல் வைக்கவில்லை. கணவர் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளை வளர்த்து, கடனை அடைத்து, மையித்துக்கும் கல்யாணத்துக்கும் முன்னின்றவர்கள் உம்மாமார். அவர்களில் பலர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் கடிதம் எழுதினார்கள். மளிகைக் கணக்கு, பிள்ளையின் காய்ச்சல், வரப்போகும் மாதம் எது என்ற கேள்வி எல்லாம் அவற்றில் உண்டு.

அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீடு இடித்துக் கட்டும்போது பழைய பெட்டியோடு கடிதங்களும் குப்பைக்குப் போகின்றன. நம் வீட்டுப் பரணில் அப்படி ஏதும் இருந்தால், எறிவதற்கு முன் படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டுவோம்; அவர் வாசிக்க, பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். நம் சபரின் மறுபாதி அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது.